குற்றாலச் சாரலும் கோவை மில் கரண்டும் ஒரே காற்று... தெரியுமா?

ஆனி, ஆடியில் தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர்களுக்கு ஒரு விஷயம் உடனே புரிந்துவிடும்: இந்த ஊரில் குடை செல்லாது. சாரல் மேலேயிருந்து விழாது; மேற்கிலிருந்து நேரே முகத்துக்கு வரும். இந்தச் சாரலைத் தூக்கிவரும் காற்று குற்றாலத்தோடு நின்றுவிடுகிறதா என்ன? அதே காற்றுதான் கிழக்கே ஓடி, சுரண்டை, ஆலங்குளம், ஊத்துமலைக் காடுகளில் நிற்கும் காத்தாடிகளைச் சுற்றிவிட்டு, மின்கம்பி ஏறி, இராஜபாளையத்துக்கும் கோவைக்கும் போய் நூல் நூற்கிறது. தெரியுமா?

இன்னொன்றும் கேளுங்கள். 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா ஒரு வாக்குக் கொடுத்தது. நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரிக்காத மின்திறனை 2030-க்குள் 500 ஜிகாவாட் ஆக்குவோம், 2070-க்குள் நிகர உமிழ்வைச் சுழியத்துக்குக் கொண்டுவருவோம் என்பதுதான் அது. அந்தப் பெரிய கணக்கில் ஒரு பங்கு நம்ம செங்கோட்டைக் கணவாய் வழியாகத்தான் வந்து சேர்கிறது!

எப்படி? மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நீண்ட மதில். அரபிக்கடலிலிருந்து வரும் பருவக்காற்று அதில் முட்டி, மேலேறி, குளிர்ந்து, சுமையையெல்லாம் கேரளத்திலேயே இறக்கிவிடும். மதிலில் வாசல் இருக்கும் இடத்தில்தான் அது தமிழ்நாட்டுக்குள் வேகம் குறையாமல் நுழைய முடியும். பெயர் சொல்லும்படியான வாசல்கள் நான்கே நான்கு: பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. தமிழ்நாட்டின் காற்றாலைகளில் பெரும்பாலானவை இந்த நான்கு வாசல்களுக்கு எதிரேதான் வரிசைகட்டி நிற்கின்றன.

வேடிக்கை என்னவென்றால், காற்றுக்குத் திறந்திருக்கும் செங்கோட்டை வாசல் யானைக்கு மூடியிருக்கிறது! தெற்கே அகத்தியமலை யானைகளும் வடக்கே பெரியாறு யானைகளும் ஒன்றோடொன்று கலக்க முடியாமல் பிரிந்து கிடப்பது இந்த இடத்தில்தான். கணவாயின் தாழ்ந்த நிலம், அதில் ஓடும் கொல்லம் சாலை, 1904-இல் வந்த ரயில் பாதை, தோட்டங்கள் என்று எல்லாம் சேர்ந்து குறுக்கே நிற்கின்றன. ஒரு காலத்தில் மனிதனுக்கும் இது எல்லைதான். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்தது. பக்கத்துப் பிரானூரில் பரோட்டா தின்றுவிட்டு 'பார்டர் கடை'யில் சாப்பிட்டேன் என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்த பார்டர் இதுதான்.

சரி, காற்றுக்கு வருவோம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து கிடைக்கும் மின்சாரம் எத்தனை மடங்காகும்? இரண்டா? இல்லை, எட்டு! விநாடிக்கு 4 மீட்டரில் வீசும் காற்று 8 மீட்டருக்கு ஏறினால் அதில் உள்ள சக்தி எட்டு மடங்கு. மூன்று மடங்கு வேகம் என்றால் இருபத்தேழு மடங்கு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்! கணவாய்க்குள் நெருக்கப்பட்டு வெளியே பாயும் காற்று கொஞ்சம் வேகம் கூடினாலும் போதும், காசு கொட்டுகிறது. அதற்காகக் காற்றை முழுக்கப் பிடித்துவிடவும் முடியாது. எந்தக் காத்தாடியாக இருந்தாலும், கடந்து போகும் காற்றின் சக்தியில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்கவே முடியாது என்று ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மானியர் 1919-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். இன்னொரு விந்தை: புயல் வேகத்தில், விநாடிக்கு 25 மீட்டர் வாக்கில் காற்று வந்தால், இயந்திரம் 'ஆளை விடு' என்று தானே நின்றுவிடும்.

'காத்தாடி வந்த பிறகுதான் மழை போச்சு' என்று இந்தப் பக்கத்து டீக்கடைகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாவம், காத்தாடி! அதன் இறக்கை எட்டும் உயரம் இருநூறு மீட்டர் சொச்சம். மழை மேகங்களைச் சுரக்க வைப்பதும் கலைப்பதும் அதற்கு மேலே, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் நடக்கும் சமாச்சாரம். செங்கோட்டையில் நனைந்துகொண்டு பஸ் ஏறுகிறவர் சங்கரன்கோவிலில் புழுதியில் இறங்குவது, இந்த மண்ணில் முதல் காத்தாடி முளைப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பிருந்தே உள்ள மழைமறைவு.

இந்தியாவில் காற்று எங்கே, எவ்வளவு வீசுகிறது என்று முறையாக அளந்து காட்டியவர் யார் தெரியுமா? ஒரு பெண்! அன்னா மணி. 1918-இல் பீர்மேட்டில், அதாவது நம் கணவாய்க்கு வடக்கே இதே மலைத்தொடரில் பிறந்தவர். பெங்களூரில் சர் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரங்களின் ஒளியை ஆராய்ந்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை. வானிலைத் துறைக்குப் போய், வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான கருவிகளையெல்லாம் உள்நாட்டிலேயே செய்ய வைத்தார். ஓய்வுபெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. கம்பம் நட்டு, அதன் உச்சியில் கோப்பைக் கோப்பையாய்ச் சுழலும் காற்றுமானியை மாட்டி, நாடு முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் காற்றைக் குறித்துவைக்கும் பணியை நடத்தினார். அந்த அளவீட்டில் ஆய்க்குடியும் இருந்தது, கயத்தாறும் இருந்தது. இன்றைக்குக் கோடிக்கணக்கில் முதல் போடுகிறவர்கள் அந்த அளவீட்டின் வாரிசுகளான எண்களைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். தென்காசியில் ஒரு தெருவுக்காவது அவர் பெயரை வைக்கலாம்.

தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் வந்தது. அப்போதைய இயந்திரம் ஒன்றின் திறன் 55 கிலோவாட். பிறகு டென்மார்க் அரசின் உதவியோடு கயத்தாறு, முப்பந்தல். அதற்கப்புறம்தான் கதையே! காற்றாலைகளை வேகமாகச் சுற்றவிட்டது காற்று அல்ல, வருமான வரி! தொண்ணூறுகளில் காற்றாலை வைத்தால் அதன் விலை முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானம் என்று எழுதி வரியைக் குறைத்துக்கொள்ளலாம். பிறகு அது 80 சதவீதமானது, 2012-இல் நின்றது, 2014-இல் மறுபடி வந்தது, 2017-இல் 40 ஆயிற்று. ஒவ்வொரு முறையும் சலுகை நின்றால் கிரேன் நின்றது, சலுகை வந்தால் கிரேன் வந்தது. இதில் ஒரு கோளாறு இருந்தது: சலுகை காத்தாடியை நட்டதற்கு; அது சுற்றியதற்கு அல்ல. மார்ச் 31-க்குள் எப்படியாவது நட்டுவிட வேண்டும் என்று ஓடியவர்களில் எத்தனை பேர் காற்றைப் பார்த்து நட்டார்கள்? இதை உணர்ந்துதான் 2009-இல், உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு ஊக்கத்தொகை என்று மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2017-இல் ஏலமுறை வந்து, யூனிட் 3 ரூபாய் 46 காசுக்குத் தர நிறுவனங்கள் போட்டி போட்டன.

காற்றை பேங்கில் போட்டு வைக்கலாம், தெரியுமா? கேலி இல்லை, மின்வாரியத்தில் அதற்குப் பெயரே 'பேங்கிங்'தான். கோவையில் மில் வைத்திருப்பவருக்கு ஊத்துமலைப் பக்கம் நாலு காத்தாடி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடியில் அவை அவர் மில்லுக்குத் தேவையானதைவிட அதிகமாக உற்பத்தி செய்யும். மிச்சம் அவர் கணக்கில் வரவு. தை, மாசியில் காற்று படுத்துவிடும். அப்போது அந்த வரவிலிருந்து எடுத்துக்கொள்வார். வாரியம் ஒரு பங்கைக் கட்டணமாகப் பிடித்துக்கொள்ளும். கேட்க எவ்வளவு அழகு! ஆனால் வாரியத்திடம் யூனிட்டை அடுக்கிவைக்க அறை கிடையாது. ஆடியில் வந்த மின்சாரம் ஆடியிலேயே செலவாகிவிட்டது. மாசியில் மில்காரர் 'என் யூனிட்டைக் கொடு' என்றால், நிலக்கரியை எரித்தோ வெளியில் விலைக்கு வாங்கியோதான் கொடுக்க வேண்டும். அதனால்தான் வாரியம் முகம் சுளிக்கிறது; மில்காரரோ 'நான் போட்டதைத்தானே கேட்கிறேன்' என்கிறார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற வழக்கு இது. ஒரு வருடம் வரை வைத்து எடுக்கும் வசதி இப்போது பழைய இயந்திரங்களுக்கு மட்டும்தான்.

காலண்டரும் ஒத்துழைப்பதில்லை. தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. அக்கினி நட்சத்திரம் பிறக்கும் நேரம். காத்தாடிகள் முழு மூச்சில் சுற்றத் தொடங்குவதோ அதற்கு ஒரு மாதம் கழித்து! காற்று உச்சத்தில் இருக்கும் நாட்களில் மாநிலத்தின் காற்று மின்சாரம் 5,500 மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. அந்நேரம் 'போதும், நிறுத்து' என்று சில காத்தாடிகளை நிறுத்தச் சொல்வதும் உண்டு. இதற்கு மருந்து, ஆனைமலைப் பக்கம் காடம்பாறையில் உள்ளதுபோல மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேலேற்றி வைத்து, வேண்டும்போது இறக்கிக்கொள்வது. 400 மெகாவாட் அளவில் அது பல்லாண்டுகளாக ஓடுகிறது. இன்னும் நாலைந்து வேண்டும்.

காற்று மின்சாரத்தைச் சுமக்கும் கம்பிக்குக் காசு கொடுத்தது யார் தெரியுமா? நிலக்கரி! 2010-இல் மத்திய அரசு ஒரு டன் நிலக்கரிக்கு 50 ரூபாய் என்று தீர்வை போட்டது. 2016-க்குள் அது 400 ரூபாயாக ஏறியது. அந்தப் பணத்தில் உருவான தூய எரிசக்தி நிதியிலிருந்துதான், தமிழ்நாடு உட்பட எட்டு மாநிலங்களின் 'பசுமை மின்வழித் தட'ச் செலவில் 40 சதவீதம் மானியமாக வந்தது. இன்னொரு 40 சதவீதம் ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கிக் கடன். கரியிடம் வாங்கிக் காற்றுக்குக் கொடுப்பது! இதைவிட அழகான காலநிலைக் கொள்கையை நான் பார்த்ததில்லை. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தத் தீர்வை மாநிலங்களின் இழப்பீட்டுக் கணக்குக்குப் போய்விட்டது. சுருக்கமாகச் சொன்னால், நல்ல யோசனைக்கு ஆயுள் ஏழு வருடம்.

2008 ஜூன் 30 அன்று மன்மோகன் சிங் அரசு காலநிலை மாற்றத்துக்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. எட்டு இயக்கங்கள். சூரிய சக்திக்கு ஒன்று உண்டு. காற்றுக்கு? இல்லை! இமயமலைக்குத் தனி இயக்கம் உண்டு. தாமிரபரணியும் வைகையும் காவிரியும் பிறக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு? அதுவும் இல்லை! டெல்லியிலிருந்து பார்த்தால் வடக்கே இருக்கும் மலைதான் முதலில் கண்ணில் படும் போலிருக்கிறது. நம் மலைக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டம் 2012-லேயே கிடைத்துவிட்டது; சூழல் உணர்திறன் பகுதி என்ற சட்ட அறிவிக்கை மட்டும் 2014-இல் முதல் வரைவு, 2024 ஜூலையில் ஆறாவது வரைவு என்று வரைவாகவே வளர்கிறது.

நாட்டின் மின்சார வரலாறு முழுவதையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமா? தென்காசியில் ஒரு காரை எடுங்கள். பாபநாசத்தில் 1944 முதல் சுற்றும் புனல் மின் நிலையம். அதற்கும் முன்னால், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கே தாமிரபரணியின் வீழ்ச்சியைப் பிடித்து ஹார்வி சகோதரர்களின் பஞ்சாலை ஓடியது! தூத்துக்குடியில் அனல். கூடங்குளத்தில் அணு. கங்கைகொண்டான் சிப்காட்டில் ஆண்டுக்கு 4.3 ஜிகாவாட் அளவு சூரியத் தகடுகள் செய்யும் டாடா ஆலை. வழியெல்லாம் காற்று. எல்லாமே மூன்று மணி நேர ஓட்டத்துக்குள்! பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போக இதைவிட நல்ல பாதை இல்லை, ஆனால் எல்லாப் பள்ளிகளும் கொடைக்கானலுக்குத்தான் போகின்றன.

குற்றாலத்துக்கு வாருங்கள். பேரருவி அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் தலை உடையாமல் குளிக்க முடிகிறதே, ஏன் தெரியுமா? பாதி வழியில் பொங்குமாங்கடல் என்ற பாறைக்குழி. தண்ணீர் முதலில் அதில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்துதான் நம் தலைக்கு வருகிறது. இந்த அருவிகளை நம்பி ஓர் ஊரே மூன்று மாதம் சம்பாதித்து ஒன்பது மாதம் சாப்பிடுகிறது. லாட்ஜ்காரர்கள், எண்ணெய் மசாஜ் செய்பவர்கள், நேந்திரங்காய் சிப்ஸ் பொரிப்பவர்கள், மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூறு கட்டி விற்பவர்கள் எல்லாருக்கும் பட்ஜெட் போடுவது மழைதான். சாரல் வராவிட்டால் சீசன் போச்சு. கூட வந்தாலும் போச்சு: அருவியின் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் குளிக்கத் தடை, அறை எல்லாம் காலி.

2024 மே 17. பழைய குற்றாலம். மேலே காட்டில் பெய்தது கீழே குளித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. நொடியில் காட்டாறு பாய்ந்து, 17 வயதுப் பையன் ஒருவன் உயிர் போயிற்று. இந்த இடத்தில் ஆச்சரியக்குறி போட மனம் வரவில்லை. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் ஏழு சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும் என்பது பௌதிகம். முந்தைய டிசம்பரில்தான் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அருவி நகருக்கு வேண்டிய காலநிலைக் கொள்கை மெகாவாட்டில் இல்லை. மலைமேல் ஒரு மழைமானியும் கீழே ஒரு சைரனும் இரண்டுக்கும் நடுவே விழித்திருக்கும் ஓர் ஆளும்தான். தமிழ்நாட்டில் இப்போது மாவட்டம்தோறும் காலநிலை மாற்ற இயக்கம் உண்டு. கலெக்டர்தான் தலைமை, மாவட்ட வன அலுவலர்தான் காலநிலை அலுவலர் என்பது தெரியுமா? தென்காசியில் அவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த மழைமானியும் சைரனும் எங்கே என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

அருவியையே கடத்திய கதை தெரியுமா? சில தனியார் விடுதிகள் ஓடையின் போக்கை மாற்றி, தங்கள் வளாகத்துக்குள் செயற்கை அருவி கட்டி டிக்கெட் போட்டன! 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்டு அவற்றை மூடச் சொன்னது. அருவியில் சோப்பு, ஷாம்பு கூடாது என்றதும் அதே நீதிமன்றம்தான்.

குளித்த தண்ணீர் எங்கே போகிறது? சிற்றாறாக ஓடி, வழியில் பதினேழு அணைக்கட்டுகளில் கைமாறி, குளம் குளமாக நிரப்பி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. அந்தக் குளங்களில் நெல் மட்டுமா? 2011 முதல் ஆண்டுதோறும் தன்னார்வலர்கள் பைனாகுலரும் நோட்டுமாகத் தாமிரபரணிப் பாசனக் குளங்களின் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். குளம் தூர்ந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது அந்த எண்ணிக்கைதான்.

வளர்ச்சி என்றால் புகைபோக்கிதான் என்பவர்கள் மத்தளம்பாறைக்குப் போய்ப் பார்க்கலாம். ஸோஹோ அங்கே 2011 முதல் மென்பொருள் எழுதுகிறது. சுந்தரபாண்டியபுரத்தில் ஆடி, ஆவணியில் சூரியகாந்தி பூக்க, அதைப் பார்க்கவே கேரளத்திலிருந்து வண்டி வண்டியாக வருகிறார்கள். புளியங்குடி எலுமிச்சைக்கு 2025-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. புகையின் கணக்கையும் பாருங்கள்: இந்தியர் ஒருவரின் சராசரி கரியமில வாயு உமிழ்வு ஆண்டுக்கு இரண்டு டன் வாக்கில். அமெரிக்கர் ஒருவருக்குப் பதினான்கு. 'நீயும் குறை' என்று நம்மிடம் சொல்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களை நீட்டினாலே போதும்.

அதற்காக நாமும் தோளைத் தட்டிக்கொள்ள வேண்டாம். 2025 ஜூனில் இந்தியாவின் நிறுவப்பட்ட மின்திறனில் பாதி நிலக்கரி, எண்ணெய், எரிவாயு சாராததாகிவிட்டது. 2030-க்குள் பாதி என்று வைத்த இலக்கு ஐந்து ஆண்டு முன்பே! ஆனால் திறன் வேறு, யூனிட் வேறு. வீட்டுக்கு வரும் யூனிட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்னும் கரிதான். காத்தாடி மாசியில் தூங்கும், கரி தூங்காது.

கடைசியாக ஒன்று. நல்ல காற்றடிக்கும் இடங்களையெல்லாம் தொண்ணூறுகளிலேயே 225, 250 கிலோவாட் குட்டைக் காத்தாடிகள் பிடித்துவிட்டன. இன்றைய இயந்திரம் ஒன்றே 3 மெகாவாட்டைத் தாண்டுகிறது. ஒன்றை வைத்தால் ஒரு டஜன் பழையதுக்குச் சமம்! பழையதை எடுத்துப் புதியதை வைக்கத் தமிழ்நாடு அரசு 2024-இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. ஆனால் 144 மீட்டர் விட்டத்தில் சுற்றும் இறக்கைக்கு, காற்று வரும் திசையில் அடுத்த இயந்திரம் ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அந்த இடத்தில் இப்போது இருக்கும் குட்டைக் காத்தாடிகளில் ஒன்றுக்குச் சொந்தக்காரர் கோவையில், இன்னொன்றுக்குச் சென்னையில், மூன்றாவது அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வழக்கில்! பழையதைக் கழற்றினால் வருடாந்தர பேங்கிங் வசதி போய்விடும் என்ற பயம் வேறு. இயந்திரம் ஒன்று, கையெழுத்து எத்தனை வேண்டும் தெரியுமா?